ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி? வன்னி வாசகருக்கு ஒரு கையேடு

2021 ஜூலை 23ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் இலங்கைக் கொடியை இருவர் ஏந்திச் சென்றனர். ஒருவர் ஜூடோ வீரர் சாமர நுவன் தர்மவர்தன. மற்றவர் 18 வயது மில்கா கெஹானி டி சில்வா, ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. இரண்டு நாட்களின் பின் அவர் தகுதிச் சுற்றில் பங்கேற்றார். இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகவில்லை. அத்துடன் செய்திகளும் ஓய்ந்துவிட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஆறு பேர் கொண்ட இலங்கை அணியில் ஜிம்னாஸ்டிக் இடம்பெறவில்லை.

நான்கு வருடங்களுக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டும் பார்க்கப்படும் விளையாட்டு இது. ஒரு வீராங்கனையின் உண்மையான கதை அந்தச் சில நிமிடங்களுக்கு வெளியே நடக்கிறது. காயம், அறுவைச் சிகிச்சை, வயது, பணம், சங்கங்களின் முடிவுகள், திரும்பி வருதல், விலகுதல் எல்லாம் அங்கேதான். அதைத் தொடர்ந்து பார்க்க விரும்புவோருக்குத் தேவையான அடிப்படைகளை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வன்னிக்குத் தாமதமாக வந்த விளையாட்டு

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி விளையாட்டாக வேரூன்றவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் விளையாட்டு என்றால் மெய்வல்லுநர், வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், கபடி, எல்லே, உதைபந்தாட்டம் என்றுதான் போகும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு மிக அருகில் வருவது இல்ல மெய்வல்லுநர் போட்டியின் இடைவேளையில் நடக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சி. புழுதி மைதானத்தில் வரிசையாக நின்று வளைந்து, கூம்பு கட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள்.

பார்க்கும் வாய்ப்பும் பிந்தியே வந்தது. போர்க்காலத்தில் தேசிய மின்விநியோகம் இல்லாதிருந்த வருடங்களில் வன்னிக்குள் ஒலிம்பிக் என்பது பெரும்பாலும் வானொலிச் செய்தி, அல்லது பிந்தி வந்த பத்திரிகையில் ஒரு படம். நூறு மீற்றர் ஓட்டத்தின் முடிவை வானொலியில் கேட்டு மகிழலாம். ஜிம்னாஸ்டிக்ஸைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இன்று கைத்தொலைபேசியில் பழைய போட்டிகளையும் தேடிப் பார்க்க முடிகிறது. தரையிலும் சமநிலைக் கட்டையிலும் ஒருவரின் முழு நிகழ்ச்சியே 90 விநாடிகளுக்கு மேற்படாது. அதனால் டேட்டாவும் அதிகம் போகாது.

நான்கு உபகரணங்கள்

பெண்களுக்கான கலைநய ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக் ஒழுங்கில் அவை பின்வருமாறு:

• வோல்ட்: அதிகபட்சம் 25 மீற்றர் ஓடிவந்து, உந்துபலகையில் மிதித்து, 1.25 மீற்றர் உயர மேசையில் கையூன்றிப் பாய்வது. சில விநாடிகளில் முடிந்துவிடும். இறுதிப் போட்டியில் இரண்டு வெவ்வேறு பாய்ச்சல்கள் செய்ய வேண்டும். இரண்டினதும் சராசரியே முடிவு.

• சமனற்ற சட்டங்கள்: உயரம் வேறுபட்ட இரண்டு சட்டங்களுக்கிடையே விட்டுப் பிடித்துச் சுழல்வது. கைப்பிடியும் நேரக் கணிப்பும் ஒரு கணம் பிசகினாலும் கீழே விழ வேண்டியதுதான்.

• சமநிலைக் கட்டை: 5 மீற்றர் நீளம், 1.25 மீற்றர் உயரம், அகலம் வெறும் 10 சென்ரிமீற்றர். ஒரு சாதாரணப் பாதத்தின் அகலத்தைவிடச் சற்றே கூடிய இடத்தில் கரணம் அடிக்க வேண்டும். பதக்கங்கள் அதிகம் கைமாறுவது இங்கேதான்.

• தரை: 12 மீற்றர் சதுர விரிப்பில், இசையுடன் பாய்ச்சல்களும் நடனமும்.

தகுதிச் சுற்றிலிருந்து எட்டு அணிகள் அணி இறுதிக்கும், 24 பேர் நான்கு உபகரணங்களும் சேர்ந்த தனிநபர் இறுதிக்கும், ஒவ்வோர் உபகரணத்திலும் எட்டுப் பேர் அந்த இறுதிக்கும் செல்வர். தனிநபர் இறுதிகளில் ஒரு நாட்டிலிருந்து இருவருக்கு மேல் பங்கேற்க முடியாது. பலமான அணியில் மூன்றாவதாக வரும் வீராங்கனை மற்ற நாடுகளின் பலரைவிடச் சிறந்தவராக இருந்தும் வெளியில் இருப்பது இதனால்தான்.

புள்ளி எப்படி வருகிறது?

1976இல் மொன்றியலில் 14 வயது ருமேனிய வீராங்கனை நாடியா கொமனேச்சி முழுமையான 10 புள்ளி பெற்றார். அறிவிப்புப் பலகையில் 10.00 என்று காட்ட வசதி இருக்கவில்லை. அது 1.00 என்றே காட்டியது. அந்தப் 'பத்து' இன்று இல்லை. 2006 முதல் இரண்டு புள்ளிகள் கூட்டப்படுகின்றன.

ஒன்று கடினப் புள்ளி. எவ்வளவு கடினமானவற்றைச் செய்தார் என்பது. இதற்கு மேல் எல்லை இல்லை. மற்றது செய்நேர்த்திப் புள்ளி. இது பத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும். கால் சற்று விலகினால் 0.1, கூடிய பிழைக்கு 0.3 அல்லது 0.5, விழுந்தால் 1.0 குறையும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை தீபா கர்மாகரின் வோல்ட் இறுதி இதற்கு நல்ல உதாரணம். முதலாவது பாய்ச்சலில் கடினம் 6.0, செய்நேர்த்தி 8.866, மொத்தம் 14.866. இரண்டாவது, புரொதுனோவா எனப்படும் முன்பக்க இரட்டைக் கரணப் பாய்ச்சல். கடினம் 7.0, செய்நேர்த்தி 8.266, மொத்தம் 15.266. சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்ரைங்ரூபர் பெற்றது 15.216. வித்தியாசம் 0.150 மட்டுமே. கடினத்தால் பெற்றதைத் தரையிறங்கும்போது இழந்தார் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

கடினப் புள்ளி பிழையாகக் கணிக்கப்பட்டது என்று பயிற்றுநர் கருதினால் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் நேர எல்லை உண்டு. பாரிஸில் தரைப் பிரிவின் வெண்கலம் முதலில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு வழங்கப்பட்டது. அவருக்காகச் செய்யப்பட்ட முறையீடு ஒரு நிமிட எல்லையைத் தாண்டி 4 விநாடி பிந்தியது என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பதக்கம் ருமேனியாவின் ஆனா பார்போசுவுக்குச் சென்றது. வழக்கு அதன் பின்னரும் சுவிஸ் உச்ச நீதிமன்றம் வரை நீண்டது.

தகுதி என்னும் நீண்ட வரிசை

சிறிய நாட்டு வீராங்கனைக்கு ஒலிம்பிக் வரை செல்வதே ஒரு போட்டி. அதில் அவரது கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2021இல் சீனாவின் ஹாங்சௌவில் நடக்கவிருந்த ஆசியச் சம்பியன்ஷிப், கொரோனாவால் கைவிடப்பட்டது. அதில் கிடைக்கவேண்டிய ஆசிய இடங்கள் 2019 உலகச் சம்பியன்ஷிப் பெறுபேறுகளின் அடிப்படையில் பகிரப்பட்டன. அந்தக் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தடுத்து இருந்தவர்கள் இலங்கையின் மில்காவும் மேற்கு வங்கத்தின் பிரணதி நாயக்கும். இருவருக்கும் வழி திறந்தது அப்படித்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாமா? இரண்டு வருடங்களுக்கு முன், யாரும் கவனிக்காத ஒரு தகுதிச் சுற்றில் இருவரும் நான்கு உபகரணங்களிலும் முழுமையாகப் போட்டியிட்டிருந்ததால்தான் அவர்களுடைய பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. 60ஆவது இடமா, 80ஆவது இடமா என்பது பதக்கம் பார்ப்பவருக்கு ஒன்றுதான். வீராங்கனைக்கு அது ஒலிம்பிக் பயணச்சீட்டாக மாறக்கூடியது. ஆகவே பெறுபேற்றுப் பட்டியலை மேலிருந்து மட்டும் வாசிக்கவேண்டாம். கீழேயும் தேடுங்கள்.

நான்கு வாழ்க்கைகள்

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் ஒரு நாட்டைவிட ஒரு வீராங்கனையைத் தெரிவுசெய்து, அவருடைய முதல் போட்டியிலிருந்து கடைசிவரை பார்ப்பது நல்லது. நான்கு பேரை இங்கே தருகிறோம்.

தீபா கர்மாகர், இந்தியா. 1993இல் திரிபுராவின் அகர்த்தலாவில் பிறந்தவர். தட்டைப் பாதம் இந்த விளையாட்டுக்கு ஆகாது என்பார்கள். அவருக்கு இருந்தது தட்டைப் பாதம். பயிற்றுநர் பிஷ்வேஷ்வர் நந்தியுடன் சேர்ந்து அதைச் சமாளித்தார். 2014 கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டியில் வோல்ட் வெண்கலம், 2016இல் ரியோவில் நான்காமிடம். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வீராங்கனை அவர்தான். அடுத்த வருடம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சினில் உலகக் கிண்ணச் சுற்றில் தங்கம். பின்னர் தடைசெய்யப்பட்ட பொருளுக்காக 21 மாதத் தடை, அது 2023 ஜூலையில் முடிந்தது. 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியச் சம்பியன்ஷிப் வோல்ட் தங்கம், இந்தியாவுக்கு இந்தப் போட்டியில் முதல் தங்கம். அந்த ஒக்டோபரில் 31 வயதில் ஓய்வு. ரியோவின் ஓர் இரவை மட்டும் பார்த்தவர், அதன்பின் வந்த எட்டு வருடங்களைத் தவறவிட்டவர்.

ஒக்சானா சுசோவிற்றினா, உஸ்பெகிஸ்தான். 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணிக்காக அணித் தங்கம் வென்றவர். 2002இல் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காகக் குடும்பத்துடன் ஜெர்மனி சென்று, பின்னர் அந்த நாட்டுக்காகவே போட்டியிட்டார். 2008 ஓகஸ்டில், வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாட்களில், அவர் பெய்ஜிங்கில் 33 வயதில் வோல்ட் வெள்ளி வென்றார். மகன் குணமடைந்தார். தாய் மீண்டும் உஸ்பெகிஸ்தானுக்காகக் களமிறங்கினார். எட்டாவது ஒலிம்பிக்காக டோக்கியோவில் நின்றபோது வயது 46. 18 வயது மில்கா போட்டியிட்டதும் அதே நாளில்தான்.

ரெபேக்கா அண்ட்ராடி, பிரேசில். தாய் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். முழங்கால் தசைநார் 2015, 2017, 2019 என மூன்று முறை அறுந்தது. 2021இல் டோக்கியோவில் வோல்ட் தங்கமும் தனிநபர் வெள்ளியும். பாரிஸில் தரைப் பிரிவில் தங்கம். மொத்தம் ஆறு பதக்கங்களுடன் பிரேசிலின் ஒலிம்பிக் வரலாற்றிலேயே அதிக பதக்கம் வென்றவரானார். அந்தத் தரைப் பிரிவின் பரிசு மேடையில் அமெரிக்கர்களான சிமோன் பைல்ஸும் ஜோர்டன் சைல்ஸும் அவருக்குத் தலைவணங்கினார்கள்.

சிமோன் பைல்ஸ், அமெரிக்கா. 1997இல் பிறந்து, தாத்தா பாட்டியால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். 11 ஒலிம்பிக் பதக்கங்கள், 30 உலகச் சம்பியன்ஷிப் பதக்கங்கள். ஐந்து அசைவுகள் அவருடைய பெயரால் அழைக்கப்படுகின்றன. ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்பட வேண்டியது டோக்கியோ அணி இறுதியில் ஒரு பாய்ச்சலின் பின் அவர் விலகிய முடிவு. காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்குத் தப்பிப்போயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்து முறியலாம். பலர் அவரைக் கோழை என்றார்கள். மூன்று வருடங்களின் பின் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். விலகியதால்தான் திரும்பி வர முடிந்தது.

'சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு' அல்ல

1970களில் பதின்ம வயதுச் சிறுமிகளே இந்த விளையாட்டின் முகமாக இருந்தனர். சர்வதேசப் போட்டிக்கான குறைந்த வயது 14இலிருந்து 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. உடலும் மனமும் முற்றாத பிள்ளைகளைக் கசக்கிப் பிழிவதைத் தடுப்பதே நோக்கம். விதியை ஏமாற்றியவர்களும் உண்டு. 2000 சிட்னியில் சீன அணி வென்ற வெண்கலம், அணியில் ஒருவருடைய வயது பொய் என்று நிரூபணமானதால் 2010இல் பறிக்கப்பட்டது.

இன்று 25 வயதைத் தாண்டியவர்கள் உச்சத்தில் நிற்கிறார்கள். பாரிஸில் தனிநபர் தங்கம் வென்றபோது பைல்ஸுக்கு வயது 27. வயதான உடல் விளையாடுவதில் நமக்கும் வியப்பிருக்க வேண்டியதில்லை. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் பதக்கங்களுடன் திரும்பியதை வன்னி பார்த்திருக்கிறது.

உடை பற்றிய கேள்வியும் இங்கே வருகிறது. நம் ஊர்களில் ஒரு பெண் பிள்ளை பருவமடைந்ததும் விளையாட்டை விடுவதற்கு உடையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2021இல் ஜெர்மன் அணியினர் கணுக்கால் வரை மூடிய முழு உடையில் முதலில் ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பிலும் பின்னர் டோக்கியோவிலும் போட்டியிட்டனர். வீராங்கனைகளின் உடலைப் பாலியல் கண்ணோடு பார்ப்பதற்கு எதிர்ப்பாகவும், எதை அணிவது என்பது தங்கள் தெரிவு என்று காட்டவும் அவர்கள் அதைச் செய்தனர். விதிகள் அதை அனுமதிக்கின்றன.

ரசிகர் கண்மூடக் கூடாத இடம்

அமெரிக்கத் தேசிய அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல வருடங்களாகச் சிறுமிகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார். 2016இல் ரேச்சல் டென்ஹொலண்டர் என்ற முன்னாள் வீராங்கனை தன் பெயருடன் பகிரங்கமாகப் பேசினார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்குமூலம் அளித்தனர். அவருக்கு 40 முதல் 175 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பைல்ஸும் ஒருவர்.

பதக்கங்கள் வந்துகொண்டிருந்ததால் கேள்விகள் எழவில்லை. தேசியப் பயிற்சி முகாமுக்குள் பெற்றோர் அனுமதிக்கப்படவில்லை. முறைப்பாடு செய்த பிள்ளைகள் நம்பப்படவில்லை. இந்த மூன்றும் எந்த நாட்டிலும், எந்த விளையாட்டிலும் நடக்கக்கூடியவை. வெளிமாவட்டப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் வன்னிப் பெற்றோரும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் கூடப் போகிறார்கள்? பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? இரவு எங்கே தங்குகிறார்கள்? காயம் என்றால் யார், எங்கே வைத்துப் பார்ப்பார்கள்? சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ரசிகருக்கும் ஒரு பொறுப்புண்டு. காயத்துடன் போட்டியிட்டவரை 'வீரமங்கை' என்று புகழ்ந்து, விலகியவரை இகழும்போது, அடுத்த பிள்ளை வலியை மறைக்கப் பழகிக்கொள்கிறாள்.

தொடர்ந்து பார்ப்பதற்கான வழிகள்

பெயரைச் சரியாகத் தேடுங்கள். சர்வதேசப் பெறுபேற்றுப் பட்டியல்களில் மில்காவின் பெயர் 'எல்பிட்டிய பதல்கே தோன' என்ற குடும்பப் பெயர் முன்னால் வரப் பதிவாகியிருக்கிறது. 'மில்கா கெஹானி' என்று மட்டும் தேடினால் சில பதிவுகள் தப்பிவிடும். தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறும் தமிழ் வீராங்கனைகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

மூல இடத்துக்குப் போங்கள். சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனத்தின் இணையத்தளத்தில் பெறுபேறுகளும் வீராங்கனைகளின் விபரங்களும் கிடைக்கும். ஒலிம்பிக் அமைப்பின் யூரியூப் பக்கத்தில் பழைய போட்டிகள் உள்ளன.

நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள். கோடைகாலத்தில் பிரித்தானியா நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். கிளாஸ்கோவில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 6.30. ஜப்பான் மூன்றரை மணித்தியாலம் முன்னால். லொஸ் ஏஞ்சல்ஸ் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கும் இறுதியை இங்கே மறுநாள் காலை 6.30க்குப் பார்க்கலாம்.

குறித்துவைக்க வேண்டிய போட்டிகள்: 2026 ஜூலை 23 முதல் ஓகஸ்ட் 2 வரை கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டி; 2026 செப்டெம்பர் 19 முதல் ஒக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசியப் போட்டி; 2026 ஒக்டோபரில் நெதர்லாந்தின் ரொட்டர்டாமிலும் 2027இல் சீனாவின் செங்டுவிலும் உலகச் சம்பியன்ஷிப்; 2028 ஜூலை 14 முதல் 30 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். அங்கே ஆண்களும் பெண்களும் சேர்ந்த கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக நடைபெறும்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த வீராங்கனையின் பெயர், போட்டி, உபகரணம், கடினப் புள்ளி, செய்நேர்த்திப் புள்ளி என்று ஐந்து நிரல்கள் போதும். ஒரு வருடத்தில் கடினம் குறைந்து செய்நேர்த்தி கூடினால், காயத்திலிருந்து திரும்பி நிதானமாகக் கட்டியெழுப்புகிறார் என்று ஊகிக்கலாம். பெயரே காணாமல் போனால் ஏன் என்று தேடுங்கள். மில்காவுக்குப் பின் எந்த இலங்கைச் சிறுமி அந்தப் பட்டியலின் அடியில் தென்படுகிறாள் என்பதை, செய்திகள் சொல்லும் முன்பே அந்தக் கொப்பி உங்களுக்குக் காட்டிவிடும்.